மாட்டுப் பவுண்டில் கூடிய போர்டு

பஞ்சாயத்து வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எனக்கு மாலை போட்டு, நாற்காலியில் உட்கார வைத்து, ‘அனுபவத்தைச் சொல்லுங்கள் ஐயா’ என்கிறீர்கள். ஓய்வுபெற்றவனிடம் இப்படிக் கேட்டால் அவன் லேசில் விடுவானா? பதிவேடு எப்படி எழுதுவது, நோட்டீஸ் எத்தனை நாளைக்கு முன்னால் கொடுப்பது என்பதெல்லாம் உங்கள் மேஜைமேல் இருக்கிற புத்தகத்திலேயே இருக்கிறது. அதைப் படிக்காமல் என்னைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். நான் சொல்லப்போவது நான் செய்த ஒரு தப்பு. முப்பது வருஷம் வேலை பார்த்தவர் ஒரே ஒரு தப்புத்தான் செய்தாரா என்று அந்த மூலையில் ஒருவர் சிரிக்கிறார். மொத்தம் எத்தனை என்று எனக்கே தெரியாது, தம்பி. மற்றதெல்லாம் மறந்துவிட்டது. இது மட்டும் மறக்க மாட்டேன் என்கிறது.

சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே ஓர் ஊர். பேர் சொல்ல மாட்டேன். இதில் வருகிறவர்களின் பேரன் பேத்திகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்பு அந்த ஊர்ப் பஞ்சாயத்து போர்டுக்குக் குமாஸ்தாவாகப் போனேன். மீசை சரியாக முளைக்காத வயது. நான் ஆத்தூர்ப் பக்கத்துக்காரன். ‘வரேன்’ என்று சொன்னால், ‘வாரேன்னு சொல்லுங்க, வாய் நோகாது’ என்று கேலி செய்வார்கள். ‘என்னுடைய’ என்பது அவர்கள் வாயில் ‘என்ற’.

பிரசிடெண்டு நிலம் நீச்சு உள்ள ஒரு கவுண்டர். நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவர். அவருடைய புத்தி எப்படிப்பட்டது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். போர்டுக்கு நாலு மண்ணெண்ணெய் விளக்குக் கம்பம் வந்தது. மெம்பர்களோ ஏழு பேர். உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவரும் தம் வீட்டு வாசல்தான் ஊரிலேயே இருட்டு என்று சாதித்தார்கள். பிரசிடெண்டு இரண்டு கூட்டம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது கூட்டத்தில், பெண்கள் சாயங்காலம் ஒதுங்கப் போகிற வண்டித்தடத்தில் நாலையும் நட்டுவிடச் சொன்னார். ஒரு மெம்பரும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வீட்டில் சோறு கிடைக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். இந்த யோசனை எப்படித் தோன்றியது என்று பிறகு அவரிடம் கேட்டேன். “எனக்கெங்க தோணுச்சு? ஊட்டுல சொன்னாங்க” என்றார். இப்படிப்பட்ட மனுஷனோடு வேலை பார்க்கக் கொடுத்துவைக்க வேண்டும்.

ஏழாவது மெம்பர் ரங்கன். கீழ்வளவுக்காகச் சர்க்கார் நியமித்தவர். தோல் வேலையும் பண்ணையாள் வேலையும் செய்துவந்த மாதாரிக் குடும்பங்கள் இருந்த பகுதிக்குக் கீழ்வளவு என்று பேர். என்னைவிட இருபது வயது மூத்த அவரை அன்றைக்கு நானும் ‘ரங்கா’, ‘வா, போ’ என்றுதான் பேசினேன். போர்டுக் கூட்டம் ஊர்ச்சாவடியில் நடக்கும். சாவடி கோயிலோடு ஒட்டிய கட்டடம், ஆகையால் ரங்கன் உள்ளே வரக்கூடாது. கிழக்குச் சன்னலுக்கு வெளியே, தெருவில், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பார். உள்ளே பேசுவது அவருக்குப் பாதி கேட்கும், பாதி கேட்காது. கூட்டம் முடிந்ததும் குமாஸ்தா தீர்மானப் புத்தகத்தையும் மைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு வெளியே போய் அவருடைய பெருவிரல் ரேகையை வாங்கிக்கொள்வான். புத்தகத்தில் ‘ஏழு மெம்பர்களும் ஆஜர், ஏகமனதாக நிறைவேறியது’ என்று முன்னதாகவே எழுதியிருக்கும். எனக்கு முன்னால் இருந்த குமாஸ்தா அப்படித்தான் செய்தார். பக்கத்து ஊர்களிலும் அப்படித்தான். நானாவது என்ன தீர்மானம் என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு ரேகை வாங்குவேன். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை வேறு.

நான் போன மறுவருஷம் மழை பொய்த்துவிட்டது. கீழ்வளவுக்கென்று இருந்த ஒரே குழிக்கிணறு வறண்டு போனது. அங்குள்ள பெண்கள் மேல்தெருக் கிணற்றுக்கு வந்து, குடத்தைக் கீழே வைத்துவிட்டு, எட்டப் போய் நிற்பார்கள். மேல்தெருப் பெண் யாராவது மனசு வைத்து ஊற்ற வேண்டும். மேல்தெருவுக்கே அரைக்குடம் கிடைப்பது பெரும்பாடாக இருந்த காலம். யாருக்கு மனசு வரும்? காலையில் வைத்த குடங்கள் மத்தியானம் வரை அப்படியே வரிசையாக இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். பார்த்துக்கொண்டே தாண்டிப் போயிருக்கிறேன்.

அந்தச் சமயத்தில் சேலத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது. ஊருக்கு ஒரு பொதுக்கிணறு வெட்டப் பணம் தருவார்கள். இரண்டு நிபந்தனை. ஜாதி வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் தண்ணீர் எடுக்கிற கிணறாக இருக்க வேண்டும். இடத்தைக் குறித்து, எல்லா மெம்பர்களும் சம்மதித்த தீர்மானம் குறித்த தேதிக்குள் சேலம் போய்ச் சேர வேண்டும். தவறினால் பணம் வேறு ஊருக்குப் போய்விடும். காகிதம் எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கெடுவுக்கு முதல் நாள்தான் எங்கள் கைக்கு வந்தது.

அவசரக் கூட்டம் போட்டோம். இடம் எது என்பதில் மூன்று மணி நேரம் சண்டை. வடக்குத் தெருவில் என்றார் ஒருவர், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் என்றார் இன்னொருவர். மளிகைக் கடை வைத்திருந்த மெம்பர் சந்தைப்பேட்டைதான் என்று பிடிவாதமாக நின்றார். அவருடைய கடை சந்தைப்பேட்டைக்கு எதிரில்தான் இருந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சந்தைக்கு எல்லா ஜாதியும் வருகிறது, அது யாருடைய வீட்டு வாசலும் இல்லை என்று அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கடைசியில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். தபாலை எடுத்துக்கொண்டு போகிற பஸ் நாலு மணிக்கு. நான் எழுதி முடித்து, ஆறு கையெழுத்து வாங்கி, வெளியே ஓடியபோது பஸ்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

சன்னலோரம் ரங்கன் நின்றிருந்தார். சந்தைப்பேட்டையில் கிணறு, உங்கள் ஆட்களும் எடுக்கலாம், கையை நீட்டு என்றேன். அவர் கையை நீட்டவில்லை. “சாமி, ஒரு வார்த்தை சொல்லோணுமுங்க” என்றார். பஸ் போய்விடும், அப்புறம் சொல் என்று நானே அவர் கையைப் பிடித்து, பெருவிரலை மையில் ஒற்றி, புத்தகத்தில் அழுத்திவிட்டு ஓடினேன். பஸ்ஸும் கிடைத்தது. ஊருக்குக் கிணறு வாங்கிக் கொடுத்த மகராசன் நான்தான் என்ற நினைப்பில் அன்று ராத்திரி இரண்டு தோசை கூடுதலாகத் தின்றேன். அந்த ஒரு வார்த்தை என்ன என்று அப்புறமும் நான் போய்க் கேட்கவில்லை.

பணம் மஞ்சூராகி உத்தரவு வந்தது. திங்கட்கிழமை கிணறு வெட்டுகிற மேஸ்திரி ஆட்களோடு வருவதாக ஏற்பாடு. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, நல்ல செய்தியை நாமே சொல்லலாம் என்று கீழ்வளவுக்குப் போனேன். அங்கே நான் போனது அதுதான் முதல் தடவை. ரங்கன் குடிசை வாசலில் உட்கார்ந்து ஒரு தோல்பறியைத் தைத்துக்கொண்டிருந்தார். மாடு கட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கிறோமே, அந்தப் பெரிய தோல் பைதான் பறி. ஊரில் உள்ள எல்லாத் தோட்டத்துப் பறியும் அவர் கையால் தைத்ததுதான். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார். பிரசவத்துக்கு வந்திருந்த அவருடைய மகள் உள்ளே குழந்தையோடு படுத்திருந்தாள். காலையில் தண்ணீருக்குப் போன அவர் மனைவி, உச்சி வெயிலில், அரைக்குடத்தோடு அப்போதுதான் வந்து சேர்ந்தாள்.

திங்கட்கிழமை வேலை தொடங்குகிறது என்று சொன்னேன். அவர் முகம் மலரவில்லை. குடிசைக்குப் பின்னால் போய் இரண்டு பழைய பறிகளைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார். ஒன்று சந்தைப்பேட்டைக்கு ஒட்டின தோட்டத்துடையது. தைத்து ஆறு மாசம்கூட ஆகவில்லை. வெள்ளை வெள்ளையாகப் பூத்து, தொட்டால் அப்பளமாக நொறுங்கியது. இன்னொன்று இட்டேரி முக்கில் இருக்கிற தோட்டத்துடையது. எங்கள் ஆத்தூர்ப் பக்கத்தில் இட்டேரி என்ற சொல் இல்லை. இரண்டு பக்கமும் முள்வேலி போட்ட வண்டித்தடத்துக்கு அவர்கள் வைத்த பேர். அந்தப் பறி மூன்று வருஷம் உழைத்தது, இன்னும் துணியாக மடங்கியது.

“தோலு பொய் சொல்லாதுங்க. சந்தைப்பேட்டைப் பக்கம் பூராவும் உப்புத் தண்ணி. பயிருக்கே ஆகாது, மனுசருக்கு ஆகுமுங்களா? இட்டேரி முக்குல பொறம்போக்கு இருக்குதுங்க, அங்க வெட்டுனா நல்ல தண்ணி. அன்னைக்கு அதத்தான் சொல்ல வந்தனுங்க.”

சன்னல் வழியாகச் சத்தம் போட்டாவது சொல்லியிருக்கலாமே என்று அவர்மேலேயே பாய்ந்தேன். தப்புச் செய்தவனுக்குத்தான் முதலில் கோபம் வரும், கவனித்திருப்பீர்கள். ரங்கன் கோபப்படவில்லை. கையில் இருந்த ஊசியைப் பறியில் குத்தி வைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

“என்ற பெருவெரலக் கேட்டு ஒருத்தர் வெளிய வாரதே பெருசுன்னு இத்தன நாளு இருந்துட்டனுங்க சாமி. அது என்ற தப்புங்க.”

அவர் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே தன் தப்பு என்று நினைத்துத்தான் சொன்னார். அதனால்தான் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. இட்டேரி வழியாகத் திரும்பி நடந்தபோது எனக்கு அழுகை வந்தது.

இப்போது கவனியுங்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். திங்கட்கிழமை வெட்டுவார்கள், உப்புத் தண்ணீர் வரும், எல்லோரும் பூமியைத் திட்டுவார்கள். குமாஸ்தாவை யார் திட்டப் போகிறார்கள்? புத்தகத்தில் ஏழாவதாக ரேகை இருக்கிறது. சொன்னால், நான் ‘ஆஜர்’ என்று எழுதியது பொய், ‘ஏகமனதாக’ என்று எழுதியது பொய், சேலத்துக்கு அனுப்பியது பொய் என்றாகும். வேலை போகலாம். சொந்த ஊரில் எனக்குக் கீழே இரண்டு தங்கைகள். அரை மணி நேரம் நடந்து போனேன், அந்த அரை மணி நேரமும் சொல்லாமல் இருப்பதற்கு நல்ல நல்ல காரணங்களாகத் தோன்றிக்கொண்டே இருந்தன. உங்களுக்கும் தோன்றும். அரைக்குடத்தோடு வந்து நின்ற அந்த அம்மாள் முகம் கண்முன்னால் இருந்திராவிட்டால் அதில் ஏதாவது ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

பிரசிடெண்டு தோட்டத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். மாட்டை நிறுத்தினார். தம்முடைய பறியை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். “என்ற கெணத்துத் தண்ணியப் பத்தி ரங்கன் ஏதாச்சும் சொன்னானா?” என்று முதலில் அதைத்தான் கேட்டார். சொல்லவில்லை என்றதும் நிம்மதியாக உட்கார்ந்து, அதன் பிறகு என்னைத் திட்டினார். நான் படித்த படிப்பு, போட்ட சட்டை, பஸ்ஸுக்கு ஓடிய ஓட்டம் ஒன்றையும் விடவில்லை. வாங்கிக்கொண்டேன். இட்டேரி முக்கு, மேல்தெருவுக்கும் கீழ்வளவுக்கும் சரிபாதி நடுவில் இருக்கிறது. அங்கே வெட்டினால் இரண்டு பேரும் ஒரே கிணற்றில் மொள்ள வேண்டும். சந்தைப்பேட்டை என்றால் கீழ்வளவுக்காரர்கள் எப்படியும் அவ்வளவு தூரம் வர மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் மற்றவர்கள் ஒத்துக்கொண்டார்கள் என்பதை அன்றைக்குத்தான் அவர் வாயால் கேட்டேன்.

மறுபடி கூட்டம் போடுவது என்று முடிவாயிற்று. ரங்கனுக்குப் பதில் நானே எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறேன் என்றேன். பிரசிடெண்டு வேண்டாம் என்றார். குமாஸ்தா சொன்னால் குமாஸ்தா சொன்னதாகத்தான் போகும், தோலைத் தைத்தவனே சொல்லட்டும் என்றார். ரங்கன்தான் சாவடிக்குள் வர முடியாதே, சன்னல் வழியாகப் பேசட்டுமா என்று கேட்டேன்.

“சன்னல் வழியாப் பேசுனா பேச்சு சன்னலோட நின்னு போகும். பவுண்டுல கூட்டம் போடு. அங்க எந்தச் சாமியும் இல்ல.”

அடுத்தவன் பயிரை மேய்ந்த மாடுகளைப் பிடித்து அடைக்கிற பட்டிதான் பவுண்டு. போர்டுக்குச் சொந்தமானது. அங்கே யாருக்கும் தீட்டும் இல்லை, மரியாதையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழு மெம்பர்களும் சாணி மிதித்துக்கொண்டு உள்ளே வந்து, தீவனத் தொட்டியின் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஓர் எருமை, இரண்டு கழுதை, மளிகைக்கடை மெம்பருடைய காராம்பசு ஆகியோரும் ஆஜர். முதல் நாள்தான் அந்தப் பசு யார் சோளத்திலோ புகுந்து பிடிபட்டிருந்தது. எஜமானரைக் கண்டதும் கழுத்தை நீட்டிக் கத்த ஆரம்பித்தது, கூட்டம் முடிகிற வரை நிறுத்தவில்லை. பாவம், அவருக்குப் பேசவும் முடியவில்லை, பசுவை முறைக்கவும் முடியவில்லை.

ரங்கன் மட்டும் உட்காரவில்லை. நின்றபடியே இரண்டு பறிகளையும் நடுவில் போட்டு, என்னிடம் சொன்னதையே சொன்னார். முதல் வாக்கியத்துக்குக் குரல் நடுங்கியது. தண்ணீரைப் பற்றிப் பேச்சு வந்ததும் நடுக்கம் போய்விட்டது. எந்தத் தோட்டத்தில் எத்தனை ஆள் ஆழம், எங்கே தண்ணீர் கடுப்பு, எங்கே இனிப்பு என்று ஊரின் வயிற்றுக்குள் இருப்பதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல, அந்தந்தத் தோட்டத்துக்காரரே வாயைப் பிளந்து கேட்டார். பிரசிடெண்டு குனிந்து ஒரு பறியை எடுத்து விரலால் கிழித்தார், கிழிந்தது. இன்னொன்றை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

மளிகைக்கடை மெம்பர் எழுந்தார். தண்ணீர் நல்லதாகவே இருக்கட்டும், ஒரே கிணற்றில் எல்லோரும் கயிறு போட்டால் எங்கள் வீட்டுப் பெண்கள் எப்படி வருவார்கள் என்று கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. கடன் கேட்டு வந்த யாரையும் அவர் வெறுங்கையோடு அனுப்பியதில்லை, கீழ்வளவு உட்பட. எல்லோர் மனசிலும் இருந்ததை அவர் வாய்விட்டுக் கேட்டார், அவ்வளவுதான். கீழ்வளவுக்காரர்கள் மத்தியானத்துக்கு மேல் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று யாரோ சமரசம் சொன்னார்கள். ரங்கனும் சரி என்று தலையாட்டப் போனார்.

அப்போது நான் எழுந்தேன். குமாஸ்தா கூட்டத்தில் பேசக் கூடாது. பேசினேன். வித்தியாசம் இல்லாமல் என்று காகிதத்தில் இருக்கிறது, அதற்கு நேரம் காலம் கிடையாது, முன்னால் பின்னால் கிடையாது, ஒருவர் எடுக்கிற கிணறு என்றால் எல்லோரும் எடுக்கிற கிணறு, இதற்குச் சம்மதம் இல்லையென்றால் பணத்தைத் திருப்பி அனுப்புங்கள் என்று ஒரு பிரசங்கமே செய்துவிட்டேன். கழுதைகூடக் காதை நிமிர்த்திக் கேட்டது. பிரசிடெண்டு என்னை அடக்கவில்லை. இட்டேரி முக்கில் எல்லோருக்கும் ஒரே கிணறு வேண்டுமா வேண்டாமா என்று கை தூக்கச் சொன்னார். அந்த போர்டில் அதுவரை யாரும் கை தூக்கியதே இல்லை. மூன்று கை அந்தப் பக்கம், மூன்று கை இந்தப் பக்கம். ரங்கன் தம் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தோள் உயரத்துக்குத் தூக்கினார்.

பணம் போய்விடுமே என்று எதிர்த்தவர்களும் கையெழுத்துப் போட்டார்கள். மேஸ்திரியை நிறுத்திவைத்துவிட்டு, முந்தின தீர்மானத்தில் எழுதியது தவறு, அந்தத் தவறு என்னுடையது என்று சேலத்துக்கு எழுதினேன். கடுமையாகக் கண்டித்து ஒரு பதில் வந்தது, கூடவே இடத்தை மாற்ற அனுமதியும் வந்தது. வேலை தப்பியது. இட்டேரி முக்கில் வெட்டத் தொடங்கினார்கள். பத்து நாள் மண், அப்புறம் பாறை. வெடி வைத்துப் பிளந்தார்கள். பதினைந்தாம் நாள் வரை ஈரம்கூட இல்லை. சந்தைப்பேட்டையில் உப்பாகவாவது வந்திருக்கும் என்று மளிகைக்கடையில் சிரித்தார்கள். ரங்கன் தினமும் உச்சி நேரத்தில் வந்து, ஒன்றும் பேசாமல் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

பதினெட்டாம் நாள் பகலில் கீழேயிருந்து மேஸ்திரி கத்தினார். ஊர் ஓடியது. நானும் வேர்த்து விறுவிறுத்து ஓடினேன். முதல் வாளித் தண்ணீர் கலங்கலாக மேலே வந்தது. கொஞ்ச நேரம் தெளியவிட்டு இறைத்து, மறுபடி ஒரு வாளி எடுத்தார்கள். இனிப்பா, உப்பா? யாரும் தொடவில்லை. பிரசிடெண்டு வாளியை ரங்கன் பக்கம் நகர்த்தினார். ரங்கன் ஒரு கை அள்ளிக் குடித்தார். கண்ணை மூடினார். நல்ல தண்ணீர் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

உடனே பிரசிடெண்டு குனிந்து, இரண்டு கையையும் குவித்து, “ஊத்து” என்றார். ரங்கன் மிரண்டு போனார். வாழ்நாளெல்லாம் பிறர் ஊற்றக் கை குவித்தவர். செம்பில் எடுத்து ஊற்றினார், பாதி வெளியே சிந்தியது. பிரசிடெண்டு குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டார். இன்னும் இரண்டு பேர் குடித்தார்கள்.

அப்புறம் ரங்கன் செம்போடு என் பக்கம் திரும்பினார். “சாமிக்கு?” என்றார்.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. தாகம் என்றால் அப்படி ஒரு தாகம். பவுண்டில் அத்தனை பிரசங்கம் செய்தவன் நான்தான். ஆனால் என் கை எழும்பவில்லை. எங்கள் வீட்டில் ஆசாரம் அதிகம். யார் கையால் குடிக்கலாம், யார் கையால் கூடாது என்பது எனக்கு நடை பழகும்போதே பழகியது. சட்டம் என் வாய் வரைக்கும் வந்திருந்தது, கைக்கு வரவில்லை. “இப்பத்தான் காப்பி குடிச்சேன்” என்றேன்.

அந்த ஊரில் காப்பிக்கடையும் கிடையாது, காப்பி போடுகிற வீடும் கிடையாது. அங்கே நின்றிருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும்.

ரங்கன் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “ஆமாங்க, வெயில்ல ஓடி வந்தவுங்க ஒடனே பச்சத்தண்ணி குடிக்கக் கூடாதுங்க” என்று சொல்லிவிட்டுச் செம்பைத் திருப்பிக்கொண்டார். நாலு பேர் நடுவில் என் மானத்தை அவர் காப்பாற்றினார். பிரசிடெண்டு என்னைப் பார்த்தார். அதைப் பற்றி அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை, அப்புறமும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

கீழ்வளவுப் பெண்கள் அன்று சாயங்காலமே வந்து தாங்களே கயிறு போட்டுத் தாங்களே மொண்டார்கள். மேல்தெருவிலிருந்து முதலில் வந்தது பிரசிடெண்டு வீட்டுக் குடம் மட்டும். சித்திரை வெயிலில் மேல்தெருக் கிணறும் அடி காட்டியபோது ஒவ்வொருவராக வந்தார்கள். மளிகைக்கடை வீட்டுக் குடம் கடைசியில் வந்தது, ஆனால் வந்தது. நான் மட்டும் வரவில்லை. தினமும் அந்த வழியாகத்தான் போர்டுக்குப் போவேன். அந்த முக்கு வந்ததும் நடையை எட்டிப் போடுவேன். ரங்கன் எதிரில் பட்டால் கும்பிடுவார், என்னால் நேராகப் பார்க்க முடியாது. இப்படி நாலு மாசம்.

ஒரு சந்தை நாள். நல்ல வெயில். கிணற்றடியில் இருபது முப்பது பேர், மேல்தெருவும் கீழ்வளவும் கலந்து. ரங்கன் தோல் ஊறவைக்கத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். எட்டி நடை போட்டவன் எப்படித் திரும்பினேன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. நேரே அவர் முன்னால் போய்க் குனிந்து கையைக் குவித்தேன். “ரங்கண்ணா, தண்ணி ஊத்துங்க” என்றேன். அவரை அண்ணா என்றது அன்றுதான். கிணற்றடியில் கயிறு இழுக்கிற சத்தம் நின்றுவிட்டது.

ரங்கன் செம்பைத் தூக்கினார். ஊற்றவில்லை. முகத்தை வெகு மரியாதையாக வைத்துக்கொண்டு கேட்டார்.

“இன்னைக்குக் காப்பி குடிக்கலீங்களா சாமி?”

கேட்டுக்கொண்டே ஊற்றிவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையும் கூடவே வந்துவிட்டது, வாயில் தண்ணீர் வேறு. புரையேறிக் கண் பிதுங்க இருமினேன். புரையேறினால் பக்கத்தில் இருக்கிறவர் என்ன செய்வார்? ரங்கன் எதையும் யோசிக்காமல் சட்டென்று என் உச்சந்தலையில் தட்டினார். இரண்டு தட்டு தட்டிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. சுற்றிலும் ஆட்கள். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, முகம் வெளுத்து நின்றார்.

“இன்னும் நிக்கலீங்கண்ணா, தட்டுங்க” என்றேன்.

புரை எப்போதோ நின்றுவிட்டது. இருந்தாலும் குனிந்தபடியே இன்னும் கொஞ்ச நேரம் இருமினேன்.